துப்பாக்கிக்கு ஒரு பெட்டகம்

மூன்றாமாண்டு, இயற்பியல்

"வீட்டில் துப்பாக்கி வைத்திருப்போர் நம்மில் எத்தனை பேர்? இக்கட்டுரை நமக்கெதற்கு?" என்று வகுப்புத் தோழர் ஒருவர் கேட்டார். மலையடிவாரத்திலுள்ள எங்கள் பெரியப்பா வீட்டில் உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று உண்டு. நெடுங்காலம் அது துணிகளோடு பீரோவுக்குள் சாய்ந்து நின்றது. பீரோ சாவி சாமி படத்திற்குப் பின்னால். அந்த இடம் அவருடைய ஐந்து வயதுப் பேத்திக்கும் தெரியும். சென்ற விடுமுறையில், "நல்ல பெட்டகம் எதுன்னு பார்த்துச் சொல்லு தம்பி" என்றார். அதற்காகப் படித்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் ஒரு துயரச் செய்தி. ஜெர்மனியின் வின்னெண்டன் நகரில் 2009 மார்ச் 11 அன்று, 17 வயது இளைஞன் ஒருவன் தான் முன்பு படித்த பள்ளிக்குள் புகுந்து சுட்டான். பள்ளியிலும் வெளியிலுமாக 15 பேர் மாண்டனர். கைத்துப்பாக்கி அவன் தந்தையுடையது. தந்தை உரிமம் பெற்றவர். வீட்டில் பெட்டகமும் இருந்தது. மற்றத் துப்பாக்கிகள் அதனுள் பூட்டியிருக்க, அந்த ஒன்று மட்டும் படுக்கையறையில் இருந்தது. பெட்டகம் வாங்குவது வேறு, அதில் வைத்துப் பூட்டுவது வேறு என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இனிப் பெட்டகத்திற்கு வருவோம். நம் வீட்டுப் பீரோவின் தகடு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். திருப்புளியால் நெம்பினாலே வளையும். தகட்டின் கனத்தைக் கடைக்காரர் 'கேஜ்' கணக்கில் சொல்வார். இதில் பலர் ஏமாறுவதுண்டு: எண் ஏற ஏறத் தகடு மெலியும். 14 கேஜ் என்பது சுமார் 1.9 மில்லிமீட்டர், 10 கேஜ் சுமார் 3.4. கதவைத் திறந்து, பூட்டும்போது எத்தனை பக்கங்களில் தாழ்க்கம்பி பாய்கிறது என்று பாருங்கள். கீலை அறுத்துவிட்டாலும் கதவு கழன்று வராதபடி கீல் பக்கத்திலும் பிடிப்பு இருக்க வேண்டும். நம் நாட்டில் பொதுவாக ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கலாகாதென 2019-இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆதலின் அகலமான பெட்டகம் தேவையில்லை. உயரத்தை மட்டும் துப்பாக்கியை அளந்து பார்த்து வாங்குக.

தீயைத் தாங்கும் பெட்டகங்கள் பலவற்றில் ஜிப்சம் பலகை பதித்திருப்பார்கள். ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு நீர். தீயில் அந்நீர் ஆவியாகி வெப்பத்தை உண்டுவிடுகிறது. வேதியியல் துறையினர் இதை இன்னும் நன்றாக விளக்குவர். துருதான் நமக்கு அன்றாடப் பகை. துப்பாக்கியைத் தோலுறையோடு உள்ளே வைக்கலாகாது. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். சிலிகா ஜெல் பை ஒன்று இட்டு, அவ்வப்போது மாற்றினால் போதும்.

நிறுவுவதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். எண்பது கிலோப் பெட்டகத்தை இருவர் சேர்ந்தால் அப்படியே தூக்கிக்கொண்டு போகலாம். பிறகு தோப்பில் வைத்து நிதானமாக உடைக்கலாம். எனவே உட்புறமிருந்து போல்ட் போட்டுத் தரையோடும் சுவரோடும் பிணைக்க வேண்டும். பழைய மண்சுவர் போல்ட்டைப் பிடிக்காது. அங்கே தரையில் கான்கிரீட் போட்டு அதில் பிணைப்பதே சரி. அறையின் மூலையே சிறந்த இடம். நெம்புகோல் தத்துவம் நாமெல்லாம் படித்ததுதானே! கடப்பாரையின் வலிமை அதன் நீளத்தில் இருக்கிறது. கதவு திறக்கும் விளிம்பைச் சுவரருகே, கதவு திறக்குமளவு மட்டும் இடம்விட்டு வைத்தால், கடப்பாரையை வீச இடமிராது. குளியலறையை ஒட்டிய சுவர் வேண்டாம். தோட்டாக்களைத் தனியே பூட்டுக.

சாவியை எங்கே வைப்பது? ஜெர்மனியில் ஒருவர் பெட்டகச் சாவியை வேறோர் இரும்புப் பெட்டியில் வைத்திருந்தார். திருடர் அதை உடைத்துச் சாவியை எடுத்துத் துப்பாக்கிகளைக் கொண்டு போயினர். சாவியையும் துப்பாக்கிப் பெட்டகத்திற்கு நிகரான தரமுள்ள பெட்டியில்தான் வைக்க வேண்டுமென 2023-இல் மியூன்ஸ்டர் உயர் நிர்வாக நீதிமன்றம் கூறியது. அப்படியாயின் அந்தப் பெட்டியின் சாவியை எங்கே வைப்பது? இந்தச் சுற்றுக்கு முடிவே இல்லை. எண் பூட்டுத்தான் வழி.

பெரியப்பாவும் எண் பூட்டுள்ளதையே வாங்கி, மூலையில் பதித்துவிட்டார். எண்ணாகப் பேத்தி பிறந்த ஆண்டை வைத்திருக்கிறார். மாற்றச் சொன்னேன். "வேறன்னா மறந்துடும் தம்பி" என்கிறார். பொங்கலுக்குப் போகும்போது மறுபடி சொல்ல வேண்டும்.