பாட்டின் கடைசியில் ஒரு பெயர்

சித்திரை வெயில் உச்சத்தில் நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், நங்கநல்லூரில் என் தமக்கையின் வீட்டுக்குப் போயிருந்தபோது, மின்விசிறி நிறுத்தப்பட்டு, ஜன்னல்களெல்லாம் இறுகச் சாத்தப்பட்டு, பட்டுப் புடைவைகள் அடுக்கிய மர அலமாரி மட்டும் விரியத் திறந்து கிடந்த ஓர் அறையில், என் மருமான் வியர்வை சொட்டச் சொட்ட அந்த அலமாரிக்குள் தலையை நீட்டிக்கொண்டு பாடுவதைக் கண்டேன். புழுக்கம் தாளாமல் நான் சுவிட்சை நோக்கிக் கையைக் கொண்டுபோகவே, அவன் பதறித் திரும்பி, "மாமா, ஒரே ஒரு டேக். ஃபேனை மட்டும் போட்டுடாதீங்க" என்றான். அந்த ஒரு டேக், சமையலறைக் குக்கரின் விசில் ஒருமுறையும், தெருவில் தக்காளி விற்றுப்போன வண்டியின் ஒலிபெருக்கி ஒருமுறையும் குறுக்கிட்டதால், ஏழாகி முடிந்தது.

வெற்றுச் சுவரில் பட்டுத் திரும்பும் நாதத்தை அடுக்கிய துணி விழுங்கிவிடும் என்பதும், பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களில் சுவரெங்கும் மெத்தை போன்ற பலகைகளை அறைந்து வைப்பது இதன் பொருட்டே என்பதும் பிறகு அவன் விளக்கத் தெரிந்துகொண்டேன். என் தமக்கையின் கல்யாணப் புடைவைக்கு இப்படியொரு சங்கீத உபயோகம் இருக்கும் என்று அதை நெய்தவர் நினைத்திருக்க மாட்டார். கைக்கு அடங்கிய ஒரு மைக், அதில் விழும் குரலை எண்களாக மாற்றிக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற சிறு பெட்டி, ஒரு ஹெட்போன், பழைய லேப்டாப் ஒன்று: ஒருகாலத்தில் கோடம்பாக்கத்துக் கூடமொன்றை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்தால்தான் நடக்கக்கூடிய காரியத்துக்கு அவனிடம் இருந்த சாமான்கள் இவ்வளவே. பகலில் ஒரு வங்கியில் கணக்குப் பார்க்கிறவனான அவன், தானே சாகித்யம் எழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடுகிறபடியால், பழைய பரிபாஷையில் வாக்கேயக்காரன் என்று சொல்லத் தகுந்தவன். இக்காலத்தவர் 'இண்டி ஆர்ட்டிஸ்ட்' என்கிறார்கள்.

சினிமாவையோ இசைக் கம்பெனியையோ சாராமல் சொந்தப் பாட்டைச் சொந்தப் பொறுப்பில் வெளியிடுகிறவர்களுக்கு அந்தப் பெயர். யூடியூபிலும் சவுண்ட்கிளவுடிலும் எவரும் நேரே ஏற்றிவிடலாம். ஸ்பாட்டிஃபை, ஜியோசாவன் போன்றவற்றில் பாட்டு வர வேண்டுமானால் பெரும்பாலும் 'டிஸ்ட்ரிப்யூட்டர்' என்ற இடையாளின் வழியாகவே போக வேண்டும். அவர் வருஷக் கட்டணமோ வருமானத்தில் ஒரு பங்கோ பெற்றுக்கொண்டு, பாட்டைப் பல தளங்களுக்கும் அனுப்பி, அந்த ஒலிப்பதிவுக்கென்று ஐஎஸ்ஆர்சி என்ற, எழுத்தும் எண்ணுமாக 12 இடங்கள் கொண்ட குறி ஒன்றையும் வாங்கித் தருகிறார். உலகத்தில் எங்கே ஒலித்தாலும் இன்ன பதிவு என்று காட்டி, அதற்கு உரியவரைத் தேடிப்பிடிக்க உதவும் அடையாளம் அது.

பாட்டோடு பெயரைப் பிணைத்து வைக்க வேண்டும் என்ற கவலை இன்று நேற்று வந்ததல்ல. 1902-ஆம் ஆண்டு நவம்பரில் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனிக்காகப் பாடிய கௌஹர் ஜான், தட்டின் முடிவில் தம் பெயரை இங்கிலீஷில் உரக்கச் சொல்லி நிறுத்தினார். ஜெர்மனியில் ஹானோவர் நகரத்தில் அத்தட்டை அச்சடிக்கிறவர்கள், பாஷை விளங்காவிட்டாலும் பாடியது யார் என்று அறிந்து சீட்டு ஒட்டுவதற்காக ஏற்பட்ட வழக்கம் அது. அதற்கும் நூறு வருஷத்துக்கு முன்பே தியாகராஜர் தம் பெயரையும், தீட்சிதர் 'குருகுஹ' என்ற சொல்லையும் கிருதிக்குள்ளேயே முத்திரையாகப் பதித்துவிட்டார்கள். பாட்டைத் தூக்கிக்கொண்டு போகிறவன் பெயரையும் சேர்த்துத்தான் தூக்கியாக வேண்டும் என்ற அந்த ஏற்பாட்டைவிடப் பந்தோபஸ்தானது இன்றைய கம்ப்யூட்டர் சாஸ்திரத்தில்கூட உண்டா என்பது எனக்குச் சந்தேகமே.

இடையில் சினிமா வந்தது. நம் தேசத்தில் பாட்டு என்றாலே சினிமாப் பாட்டு என்றாயிற்று. இசையமைப்பாளரின் பெயர் சுவரொட்டியில் பெரிதாகத்தான் இருந்தது. உரிமைதான் அவரிடம் இல்லை. படத்துக்கென்று கூலி பேசி அமர்த்தப்பட்டவர் இயற்றிய பாட்டுக்கு, மாறான ஒப்பந்தம் ஏதும் இல்லாத பட்சத்தில், தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று 1977-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தை 2012-இல் திருத்திய பிறகுதான், பாட்டு எழுதியவரும் மெட்டமைத்தவரும் தமக்குரிய ராயல்டிப் பங்கை, வாரிசுகளுக்கோ அதை வசூலித்துக் கொடுக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அல்லாமல், வேறெவருக்கும் எழுதிக்கொடுத்துவிட முடியாது என்ற பாதுகாப்புப் பிறந்தது. வீட்டு அலமாரிக்குள் பாடுகிறவனுக்கோ இந்த வழக்கெல்லாம் இல்லாமலே, பாட்டை இயற்றிப் பதிந்த கணத்தில், சாகித்யம், மெட்டு, ஒலிப்பதிவு ஆகிய மூன்றும் அவனுடையனவாகிவிடுகின்றன. சர்க்கார் ஆபீஸில் பதிவு செய்தாக வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை.

பெயர் பெற்றவர்களே இவ்வழியில் வந்ததுண்டு. டில்லியின் 'இந்தியன் ஓஷன்' குழுவினர், தங்களுள் ஒருவரான அஸீம் சக்கரவர்த்தியை 2009 டிசம்பரில் பறிகொடுத்த துக்கம் ஆறுமுன், அவர் குரல் நிறைந்த புதிய பாட்டுகளைக் கடைக்கு அனுப்பாமல், 2010-இல் இணையத்தில் மாதம் ஒன்றாக எவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி கொடுத்தார்கள். கரோல்பாகில் தாங்கள் நெடுங்காலம் சாதகம் செய்த பழைய பங்களாவின் விலாசமான '16/330 கஜூர் ரோடு' என்பதையே அத்தொகுப்புக்குப் பெயராகவும் இட்டார்கள். தமிழில் 2011-இல் 'ஹிப்ஹாப் தமிழா' என்ற பெயரோடு யூடியூபில் பரவிய ஒரு பாட்டு, இரண்டு இளைஞர்களைச் சினிமாவின் வாசலில் கொண்டுபோய் நிறுத்திற்று.

ஆயினும் என் மனத்தில் நிற்பது மும்பை குர்லாவின் நேஸி என்ற இளைஞர்தான். 2014-இல் அவர், தகப்பனார் கொடுத்த ஐபேட் ஒன்றைக் கொண்டே, இணையத்தில் கிடைத்த பீட்டின்மேல் தம் ராப் வரிகளைப் பதிந்து, அதே ஐபேடினால் தம் பேட்டைச் சந்துகளில் படமும் பிடித்து, 'ஆஃபத்' என்ற பாட்டை வெளியிட்டார். ஐந்து வருஷம் கழித்து ஜோயா அக்தர் எடுத்த 'கல்லி பாய்' படத்துக்கு உந்துதலாக இருந்தவர்களில் அவரும் ஒருவர். சினிமா பாட்டைத் தேடிச் சந்துக்குள் நுழைந்த அதிசயம் அது.

2016-இல் ஜியோ வந்து இணைய டேட்டாவின் விலை சரிந்ததோடு, கேட்கிறவர்கள் பெருகினார்கள். பாட்டின் பொருளும் அகன்றது. 2017-இல் எண்ணூர் கழிமுகத்தின் அழிவைப் பற்றிக் கபேர் வாசுகி எழுதிய 'புறம்போக்கு' பாடலை, டி.எம். கிருஷ்ணா, சபா மேடையை விட்டுக் கழிமுகத்துக்கே போய், சென்னைத் தமிழில் கர்நாடக சங்கீதமாகப் பாட, அதையும் யூடியூபில்தான் கேட்டோம். எந்தத் தயாரிப்பாளர் அதற்குப் படத்தில் இடம் கொடுத்திருப்பார்? 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி' கோடிக்கணக்கானவர்களை எட்டியது. ஆனால் அதை ஆக்கியவர்களுள் யாருக்கு எவ்வளவு பெயர் என்ற சர்ச்சை சில மாதங்களுக்குள் எழுந்தது. தங்களுக்கு அதனால் வருமானம் ஏதும் வரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024-இல் பகிரங்கமாகவே சொன்னார். சினிமாவுக்கு வெளியே வந்துவிட்டதால் மட்டும் பெயர்த் தகராறும் பணத் தகராறும் தீர்ந்துவிடுவதில்லை.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதற்கில்லை. கச்சேரிக்குச் சம்பாவனை பேசுவதுபோல் ஒரு தடவை கேட்டால் இவ்வளவு என்று விலை இல்லை. சந்தாவாகவும் விளம்பரமாகவும் வந்த பணத்தில் தளம் தன் பங்கை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மொத்தம் ஒலித்த பாட்டுகளின் எண்ணிக்கைக்குத் தக்கபடி பகிர்கிறது. ஆதலால் பிரபல நட்சத்திரத்தின் பாட்டு பத்துக் கோடித் தடவை ஒலித்த மாதத்தில், நூறு தடவை ஒலித்தவனுக்குக் காசு என்று சொல்லத்தக்கது எதுவும் வராது. ஸ்பாட்டிஃபையோ 2024 முதல், ஒரு வருஷத்தில் 1,000 தடவையாவது ஒலிக்காத பாட்டின் பதிவுக்குப் பைசாவே கிடையாது என்று வைத்துவிட்டது. என் மருமானின் முதல் பாட்டு ஒரு வருஷத்தில் 340 தடவை ஒலித்தது. அவற்றுள் நாற்பதாவது என்னுடையதாக இருக்கும்.

அந்த முதல் பாட்டுக்கு இன்னொரு சங்கடமும் நேர்ந்தது. எவரும் எடுத்தாளலாம் என்று கிடைத்த ஒரு தம்பூரா லூப்பை அவன் பின்னணியில் ஓடவிட்டிருந்தான். அதே லூப்பைத் தன் பாட்டில் பயன்படுத்திய யாரோ ஒருவர், அந்தப் பதிவு முழுவதற்கும் உரிமை கோரி முன்பே எழுதிவைத்திருந்தார். ஒலியை ஒலியோடு ஒப்பிட்டுத் திருட்டைக் கண்டுபிடிக்கும் இயந்திரம், ஸட்ஜமும் பஞ்சமும் எல்லோருக்கும் பொது என்பதை அறியாதாகையால், இவனைத் திருடன் என்று எழுதி அனுப்பிற்று. முறையிட்டு, காத்திருந்து, பெயரை மீட்க ஒரு மாதம் ஆயிற்று. இரண்டாவது பாட்டுக்குப் தன் பாட்டியின் பழைய தம்பூராவை மாடத்திலிருந்து இறக்கி, ஒட்டடை தட்டி, தானே மீட்டிப் பதிந்துகொண்டான்.

அந்த இரண்டாவது பாட்டுத்தான் நான் வியர்த்துக்கொண்டே கேட்டது. அதில் பாட்டி சொல்லிவந்த தாலாட்டின் இரண்டு அடிகள் கலந்திருக்கின்றன. அன்றிரவு அவன் டிஸ்ட்ரிப்யூட்டரின் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சாகித்யகர்த்தாக்கள் என்ற இடத்தில் தன் பெயருக்குக் கீழே பாட்டியின் பெயரையும் தட்டினான். குடும்பப் பெயர் என்ற கட்டத்தையும் நிரப்பினாலன்றி மேலே போக விடமாட்டேன் என்று படிவம் சிவப்பாகக் கோபித்துக்கொண்டது. பாட்டிக்கு ஏது குடும்பப் பெயர்? கணவரின் பெயரைப் போடலாமே என்றேன் நான். அவர் ஒருநாளும் பாடினதில்லையே என்றான் அவன். சற்று யோசித்துவிட்டு, அந்தக் கட்டத்தில், அவள் பிறந்த ஊராகிய கல்லிடைக்குறிச்சியை எழுதினான். படிவமும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.