எழுப்பிவிடும் கொதி

‘மத்தியானம் மிஞ்சின சோறுதான் சாயங்காலம் ஃப்ரைடு ரைஸுக்கு உதிரி உதிரியாக வரும். இரும்புச் சட்டிச் சூட்டில் எந்தக் கிருமி பிழைக்கும்? பயிற்சி வகுப்பில் கூடாது என்கிறார்கள், ஏன் கூடாது?’ நாகர்கோவிலில் சாயங்காலக் கடை போடும் வாசகர் ஒருவரின் கேள்வி.

அவர் சொல்வது, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2017-இல் தொடங்கிய ‘ஃபாஸ்டாக்’ பயிற்சி. உணவைக் கையாளும் 25 பேருக்குப் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் ஒருவர் என்பது கணக்கு. தலையில் தொப்பி, கையில் உறை, சுவரில் சான்றிதழ். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் சான்றிதழைப் பார்த்து எந்தக் கிருமியும் ஓடியதில்லை.

சோற்றுக்கு எதிரி பேசில்லஸ் சீரியஸ். மண்ணில் கிடப்பது, நெல்லோடு ஒட்டி வருகிறது. இரை கிடைக்காத காலத்தில் உடம்பின் தண்ணீரை வெளியேற்றி, அந்த இடத்தில் கால்சியத்தையும் டைபிகோலினிக் அமிலத்தையும் திணித்துக்கொண்டு ஸ்போராகச் சுருண்டுவிடும். உலை கொதித்தாலும் பல ஸ்போர்கள் சாவதில்லை. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சூடே அவற்றை முளைக்கத் தயார்ப்படுத்துகிறது. சோறு ஆறி, சத்து தட்டுப்பட்டதும் கால்சியத்தைத் துப்பிவிட்டுத் தண்ணீரை உறிஞ்சும். சில நிமிடங்களில் விழித்துவிடும்.

நாஞ்சில் நாட்டுக் கல்யாண வீட்டில் முந்தின ராத்திரியே வந்து கலவறை மூலையில் போர்த்திப் படுத்த சொந்தக்காரர் என்று வையுங்கள். கெட்டிமேளம்தான் அவரை எழுப்புகிறது. கண்ணைக் கசக்கிப் பார்த்தால் மற்ற விருந்தாளி ஒருவரும் இல்லை, அண்டா நிறையச் சோறு. (போட்டிக்கு இருந்த மற்ற பாக்டீரியாக்களைக் கொதி கொன்றுவிட்டது.) வெதுவெதுப்பு நீடித்தால் அரைமணிக்குள் ஒருவர் இருவராகிறார், இருவர் நால்வர். தவசிப்பிள்ளை அகப்பையோடு விரட்ட வரும்போது ஆள் செத்தாலும் இலையில் வைத்த விஷம் அப்படியே இருக்கிறது. இதற்குமேல் இழுத்தால் கல்யாணம் நின்றுவிடும்.

பெருகும் பேசில்லஸ் சோற்றில் விட்டுவைக்கும் அந்த விஷத்தின் பெயர் செரியுலைடு. 121 டிகிரியில் 90 நிமிடம் வைத்தாலும் சிதையாது. சட்டியில் நாலு புரட்டு அதை என்ன செய்யும்? சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி.

வரலாறு கேட்பவர்களுக்கு: 1887-இல் ஃபிராங்க்லேண்ட் தம்பதி பெயர் வைத்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் சீன உணவகங்களின் ஃப்ரைடு ரைஸ் மாட்டியது. போதும்.

ஆக, விஷயம் அடுப்பில் இல்லை, இறக்கிவைத்த பிறகு ஓடும் கடிகாரத்தில் இருக்கிறது. சூடாக வைத்தால் 60 டிகிரிக்கு மேல், குளிரில் வைத்தால் 5 டிகிரிக்குக் கீழ். நடுவில் நிறுத்தக் கூடாது. மூடிய அண்டாவின் நடுச்சோறு மணிக்கணக்கில் இளஞ்சூட்டிலேயே கிடக்கும். குவியலின் கனத்தைப் பாதியாக்கினால் உள்சூடு வெளியேறும் நேரம் ஏறத்தாழக் கால்வாசியாகிவிடும். எனவே அகலத் தட்டில் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, ஆவி அடங்கியதும் ஃபிரிட்ஜில் வைக்கலாம். மேசையில் நிற்கும் சானிடைசரை நம்ப வேண்டாம். ஆல்கஹால் ஸ்போரை ஒன்றும் செய்வதில்லை.

உடனே ‘நம் பழஞ்சி (தண்ணீர் ஊற்றிவைத்த பழைய சோறு) சஞ்சீவி’ என்று வாட்ஸ்அப் கிளம்பும். தண்ணீர் ஊற்றினால் சோறு சீக்கிரம் ஆறுவதும், புளிப்பு ஏற ஏற பேசில்லஸ் அடங்குவதும் உண்மை. ஆனால் தண்ணீர் ஊற்றுமுன்பே செரியுலைடு சேர்ந்துவிட்டிருந்தால், எவ்வளவு புளித்தாலும் அது கரைந்து போகாது.