கிளிமூக்குச் சேவலும் மெண்டல் விதியும்

சேவல் என்றதும் சண்டைதான் நினைவுக்கு வருகிறதா, நண்பர்களே? தமிழகத்தில் அழகுக்காகவே வளர்த்துக் கண்காட்சிக்குக் கொண்டுவரும் சேவலும் உண்டு. அசில் இனத்தைச் சேர்ந்த அதன் பெயர் கிளிமூக்கு விசிறிவால். கிளியைப் போல் வளைந்த அலகு, நீண்ட வால், தலையோடு படிந்த சிறு கொண்டை ஆகியவை அதன் இலக்கணம்.

ஆனால், கண் காண்பது பாதி உண்மையே. படிந்த கொண்டை ஓங்கு பண்பு. ரம்பப் பல்போல் நிமிர்ந்த கொண்டை ஒடுங்கு பண்பு. கோழிக் கொண்டைக்கும் மெண்டல் விதி பொருந்துவதைப் பேட்சன் 1902இல் காட்டினார். ஆகவே, பரிசு பெற்ற சேவலிலும் நிமிர்ந்த கொண்டைப் பண்பு மறைந்திருக்கலாம்.

அறிவது எங்ஙனம்? நிமிர்ந்த கொண்டைப் பெட்டையோடு அதைச் சேர்க்க வேண்டும். பண்பு மறைந்திருந்தால், குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதிக்கு நிமிர்ந்த கொண்டை வரும். மறைந்திருந்தும் 7 குஞ்சுகளுக்கும் படிந்த கொண்டையே வாய்ப்பது 128இல் 1 தான்.

இச்சோதனையை விடுத்து, சேவலை அதன் மகளோடும் பேத்தியோடும் சேர்த்தே தூய்மை தேடினால், முட்டை பொரிப்பது குறையும். குஞ்சுகளின் வலிமை குன்றும். பரிசு வீட்டிற்கு வரும், இனமோ தேய்ந்துவிடும். தோற்றத்தைப் போற்றுவோம்; வழித்தோன்றலைக் கண்டே நம்புவோம்!