நாலாயிரம் சுற்றில் ஒரு பள்ளம்

டொயோட்டா ஜிடி86 வைத்திருப்பவரிடம் காரைப் பற்றிக் கேட்டால், வளைவில் அது திரும்பும் அழகைச் சொல்லி முடிக்கவே நேரமாகும். எஞ்சினைப் பற்றிக் கேட்டால் பேச்சின் தொனி மாறும். 2012-ல் சந்தைக்கு வந்த இந்த ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் காரில் இருப்பது இரண்டு லிட்டர், நான்கு சிலிண்டர் எஞ்சின். பிஸ்டன்கள் இருபக்கமும் படுத்துக்கிடக்கும் சுபாரு பாணி. நிமிடத்துக்கு 7000 சுற்றில் 200 குதிரைத்திறன். காகிதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆக்ஸிலரேட்டரை மிதித்து 3000 சுற்றைத் தாண்டியதும், ஏற வேண்டிய இழுவை சரியத் தொடங்குகிறது. 4500-ஐ எட்டிய பிறகுதான் மறுபடி உயிர் வருகிறது. இழுவையை, அதாவது டார்க்கை, வரைபடமாகப் போட்டால் நடுவில் ஒரு பள்ளம் தெரியும். முன்னால் போகும் லாரியை முந்த நினைக்கும்போது எஞ்சின் பெரும்பாலும் இருப்பது அந்தப் பள்ளத்தில்தான்.

இதற்கு டர்போசார்ஜர் போடலாமா, சூப்பர்சார்ஜர் போடலாமா என்ற வாக்குவாதம் கார் வந்த நாளிலிருந்தே நடக்கிறது. விதவிதமான கிட்டுகளும் கிடைக்கின்றன. விளம்பரங்களில் கொட்டை எழுத்தில் இருப்பது உச்சக் குதிரைத்திறன். வாங்க வருபவரின் முதல் கேள்வியும் அதுவே. எனக்கு அது இரண்டாவது கேள்வியாகவே படுகிறது. கூடுதல் இழுவை எத்தனையாவது சுற்றில் வந்து சேர்கிறது என்பதுதான் ஓட்டுபவரின் பாதத்துக்குத் தெரியும். எஞ்சினுக்குள் எது முதலில் உடையும் என்பதையும் பெரும்பாலும் அதுதான் முடிவு செய்கிறது.

காற்றுக் கணக்கிலிருந்து தொடங்குவோம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் தன் கொள்ளளவை ஒருமுறை நிரப்ப இரண்டு சுற்று எடுத்துக்கொள்ளும். இரண்டு லிட்டர் எஞ்சின் சுற்றுக்கு ஒரு லிட்டர் காற்றை விழுங்கும்; 7000 சுற்றில் நிமிடத்துக்கு 7000 லிட்டர். எடை போட்டால் ஏறக்குறைய எட்டு கிலோ. ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோலைக் கூட்டுவது சுலபம், இன்ஜெக்டர் இன்னும் கொஞ்ச நேரம் திறந்திருந்தால் போதும். காற்று அப்படி வராது. வளிமண்டலம் தள்ளுகிற அளவுதான் உள்ளே போகும். அதற்கு மேல் வேண்டுமானால் தள்ளிவிட ஓர் ஆள் தேவை. கிராங்க் ஷாஃப்டிலிருந்து பெல்ட் போட்டு அந்த ஆளைச் சுழற்றினால் சூப்பர்சார்ஜர். சைலன்சருக்குப் போகும் சூடான புகையால் சுழற்றினால் டர்போ.

நெருக்கிய காற்று சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குப் பம்ப்பின் அடிப்பக்கம் சுடுவது தெரியும். 30 டிகிரியில் இருக்கும் காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தத்துக்கு, அதாவது அரை பார் கூடுதலாக, நெருக்கினால் இழப்பே இல்லாத இயந்திரத்தில்கூட வெப்பம் 37 டிகிரி ஏறும். நிஜத்தில் 70 சதவீதத் திறன் என்று வைத்தால் ஏற்றம் 53 டிகிரி. காற்று 83 டிகிரியில் வெளியே வரும். சூட்டில் அது விரிந்திருப்பதால், அழுத்தம் 50 சதவீதம் கூடியும் எடை 28 சதவீதம்தான் கூடியிருக்கும். இடையில் இன்டர்கூலர் வைத்து 45 டிகிரிக்கு இறக்கிவிட்டால் அதே அரை பாரில் 43 சதவீதம் கூடுதல் காற்று கிடைக்கும். மீட்டர் முள் ஒரே இடத்தில் நிற்க, எஞ்சினுக்குள் போகும் காற்று இவ்வளவு வித்தியாசப்படுகிறது. எத்தனை பார் வைத்திருக்கிறாய் என்று ஒருவரையொருவர் விசாரிக்கும் கார் பிரியர்கள் எத்தனை டிகிரி என்று ஏனோ கேட்பதில்லை.

சூப்பர்சார்ஜரில் இரண்டு குடும்பங்கள் உண்டு. இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் பாதிக் குழப்பம். முதலாவது ரூட்ஸ் வகை. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் கானர்ஸ்வில் ஊரைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860-ல் காப்புரிமை வாங்கிய காற்றுத் தள்ளி இது. கார் என்ற ஒன்று பிறப்பதற்கு முன்பே உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்று ஊதிக்கொண்டிருந்தது. ஒன்றோடொன்று கோத்துச் சுழலும் இரண்டு ரோட்டர்கள், சுற்றுக்கு இவ்வளவு என்று காற்றை அள்ளி மறுபக்கம் தள்ளும். ஜிடி86-க்கு ஹாரப், எடல்பிராக் நிறுவனங்கள் தரும் கிட்டுகளில் இதன் நவீன வடிவமான ஈட்டன் டிவிஎஸ் 1320 இருக்கிறது. (நம்மூர் டிவிஎஸ்ஸுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.) 160 டிகிரி முறுக்கப்பட்ட, நான்கு மடல் கொண்ட ரோட்டர்கள், சுற்றுக்கு 1320 சிசி காற்று. எந்த வேகத்திலும் சுற்றுக்கு அள்ளும் அளவு ஏறக்குறைய மாறாது என்பதால் குறைந்த சுற்றிலேயே அழுத்தம் எழுந்துவிடும். பள்ளம் நிரம்பிவிடும்.

இன்னொன்று மையவிலக்கு வகை. டர்போவின் காற்றுப் பக்கத்தை மட்டும் தனியே எடுத்து பெல்ட்டில் பூட்டியது என்று சொல்லிவிடலாம். ஜாக்சன் ரேசிங் கிட்டில் வரும் டென்மார்க்கின் ரோட்ரெக்ஸ் இந்த இனம். இதில் பற்சக்கரம் கிடையாது. தனி எண்ணெய்ப் படலத்தின் பிடிப்பில் உருளும் உருளைகள் காற்றுச் சக்கரத்தை நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோகும். சிக்கல் என்னவென்றால், இந்தச் சக்கரம் எழுப்பும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுகிறது. 7000 சுற்றில் 0.6 பார் தந்தால் 3500-ல் பாதி கிடைக்காது, கால்பங்கு, 0.15 பார்தான். பள்ளம் ஏறக்குறைய அப்படியே கிடக்க, அதற்கு அப்பால் உள்ள மேடு மட்டும் உயரும். கிட் போட்ட பிறகும் நெடுஞ்சாலையில் முந்துவது பழையபடியே இருக்கிறது என்று அலுத்துக்கொள்பவர் பெரும்பாலும் இதைத்தான் வாங்கியிருப்பார்.

டர்போவின் குணம் அதன் அளவைப் பொறுத்தது. சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூஹி 1905-ல் காப்புரிமை பெற்ற இந்த யோசனையில், வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் காற்றை நெருக்கும். சின்ன டர்போ சட்டென்று சுழலும், மேல் சுற்றுகளில் மூச்சுத் திணறும். பெரிய டர்போ மேலே அள்ளிக் கொடுக்கும், கீழே தூங்கும். இதை ஊகத்துக்கு விடாமல் தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு டர்போவுக்கும் ஒரு வரைபடம் வெளியிடுகிறார்கள். கிடைக்கோட்டில் காற்றின் அளவு, நிலைக்கோட்டில் அழுத்த விகிதம், நடுவே திறனைக் காட்டும் வளையங்கள். இடது எல்லைக்கு அப்பால் போனால் சர்ஜ்: காற்று திரும்பி ஓடப் பார்க்கும், தண்டு அதிரும், பேரிங் போகும். வலது எல்லையைத் தாண்டினால் சக்கரம் எவ்வளவு சுழன்றாலும் காற்று கூடாது, சூடுதான் கூடும். நம் எஞ்சினுக்கு அரை பாரில் 7000 சுற்றுக்கு நிமிடத்துக்குச் சுமார் 11.5 கிலோ, 3000 சுற்றுக்கு 5 கிலோ காற்று தேவை. இந்த இரண்டு புள்ளிகளையும் வரைபடத்தில் வைத்துக் கோடு இழுத்து, அது வளையங்களின் உட்பகுதி வழியே போகிறதா என்று பார்க்க வேண்டும். டர்போ விற்பவரிடம் இந்தத் தாளைக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் கடையை மாற்றலாம்.

டர்போ இலவச சக்தி என்ற பேச்சும் முழு உண்மை இல்லை. புகை வெளியேறும் வழியில் சக்கரம் நின்றால் பிஸ்டன் அந்தத் தடையை எதிர்த்துப் புகையைத் தள்ள வேண்டும். இருந்தாலும் வீணாகும் வெப்பத்தில் ஒரு பகுதியை அது மீட்கிறது. பெல்ட் கேட்கும் கூலி நேரடியானது: 11.5 கிலோ காற்றை ஒவ்வொரு நிமிடமும் 53 டிகிரி சூடேற்றும் வேலைக்கு 10 கிலோவாட், அதாவது கிட்டத்தட்ட 14 குதிரைத்திறன், கிராங்கிலிருந்தே போகிறது. அதற்குப் பதிலாகக் கால் வைத்த கணத்தில் பதில் கிடைக்கிறது. என்னைக் கேட்டால் அந்தக் கூலி நியாயமானதுதான்.

உண்மையான தலைவலி வேறொன்று. இந்த எஞ்சினின் கம்ப்ரெஷன் விகிதம் 12.5-க்கு 1. டர்போ இல்லாமல் 200 குதிரைத்திறனை எட்ட வைத்த அதே எண், டர்போ போடும்போது எதிரியாகிறது. ஏற்கெனவே நெருக்கிய சூடான காற்றை சிலிண்டர் இன்னும் 12.5 மடங்கு நெருக்கும்போது, தீப்பொறியின் சுடர் வந்து சேரும் முன்பே ஓரத்தில் உள்ள கலவை தானாக வெடிக்கலாம். மெக்கானிக்குகள் நாக்கிங் என்பது இதைத்தான். கம்ப்யூட்டர் தீப்பொறியைத் தாமதப்படுத்தித் தப்பிக்கும், சக்தி கரையும். ஜப்பானில் பங்க்கில் 100 ஆக்டேன் பெட்ரோல் கிடைக்கிறது. கலிபோர்னியாவில் உயர்தரம் என்று விற்பது அதே அளவுகோலில் 95, 96-தான். ஒரே கிட், ஒரே கார். இரண்டு ஊரில் இரண்டு விதமான ட்யூனிங்.

இந்தச் சிக்கல் புதிதல்ல. 1962-ல் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்ற அமெரிக்கக் கார் டர்போவுடன் வந்தது. கம்ப்ரெஷன் 10.25. அந்தக் காலத்து எஞ்சினுக்கு அது டர்போவோடு ஒத்துப்போகாத எண். பொறியாளர்கள் ஒரு வழி கண்டார்கள்: தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைக் காற்றோடு பீய்ச்சிக் குளிர்விப்பது. ‘டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்’ என்று பெயர் வைத்து, அதற்கென்று தனித் தொட்டியும் வைத்தார்கள். வேலை செய்தது. ஆனால் வாங்கியவர்கள் தொட்டியை நிரப்ப மறந்தார்கள். தொட்டி காலியானால் அழுத்தத்தைக் குறைத்துவிடும் ஏற்பாடு இருந்ததால் எஞ்சின் பிழைத்தது, காரின் பெயர் கெட்டது. கடைசியில் நிறுவனமே டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் மாட்டித் தர முன்வந்தது. பலர் மாட்டிக்கொண்டார்கள். உரிமையாளரின் நினைவாற்றலை நம்பி எஞ்சின் வடிவமைக்கக் கூடாது என்று அந்தக் கார் சொன்னது. இன்றும் மெத்தனால் கிட் விற்கிறார்கள், வாங்குகிறார்கள்.

அடுத்தது, பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட். ஜிடி86 எஞ்சினில் கை வைப்பவர்கள் முதலில் அஞ்சுவது இதற்குத்தான். அதிகச் சுற்று ராடை இழுக்கும், அதிக இழுவை ராடை நசுக்கும். சின்ன டர்போ 3000 சுற்றிலேயே முழு அழுத்தத்தைக் கொட்டினால் சிலிண்டருக்குள் அழுத்தம் உச்சத்துக்குப் போய் ராட் வளையலாம். அதே உச்சக் குதிரைத்திறனை 7000-க்குப் பக்கத்தில் மெதுவாக ஏறிப் பிடிக்கும் மையவிலக்கு வகை ராடுக்கு இரக்கம் காட்டும். பள்ளத்தை நிரப்பாத இயந்திரம்தான் எஞ்சினை நீண்ட நாள் வாழவைக்கிறது என்பது கசப்பான வேடிக்கை. டர்போவில் இதற்கு மாற்று உண்டு: புகையின் ஒரு பகுதியைச் சக்கரத்தைத் தொடாமல் வெளியே விடும் வால்வான வேஸ்ட்கேட்டைக் கட்டுப்படுத்தி, கீழ்ச் சுற்றில் அழுத்தத்தை அடக்கி வைக்கலாம். பெல்ட்டில் ஓடும் ரூட்ஸ் வகையில் புல்லியின் விட்டம் சொல்வதுதான் சட்டம்.

தொழிற்சாலை என்ன செய்தது என்று பார்த்தால் இன்னும் தெளியும். சுபாருவின் டபிள்யுஆர்எக்ஸ் காரில் இதே 86 மில்லிமீட்டர் விட்டமும் 86 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கும் கொண்ட உடன்பிறப்பு எஞ்சின் டர்போவோடு வந்தது. அங்கே கம்ப்ரெஷனை 10.6-க்கு இறக்கிவிட்டார்கள்; 2000 சுற்றிலிருந்தே 350 நியூட்டன் மீட்டர் இழுவை. ஜிடி86-ன் உச்சமே 205. ஆனால் ஜிடி86-ன் தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடா தொடக்கத்திலேயே டர்போ வேண்டாம், நான்கு சக்கர இயக்கம் வேண்டாம், அகலமான ஒட்டும் டயரும் வேண்டாம் என்று ஒதுக்கியவர். 2021-ல் அடுத்த தலைமுறை வந்தபோதும் டர்போ இல்லை. சிலிண்டர் விட்டத்தை 94 மில்லிமீட்டராக்கி 2.4 லிட்டர் ஆக்கினார்கள். 235 குதிரைத்திறன்; 250 நியூட்டன் மீட்டர், அதுவும் 3700 சுற்றில். அழுத்தம் கூட்டாமலே பள்ளத்தை மூடிய வழி அது.

பழைய காரை வைத்திருப்பவர் என்ன செய்வது? பள்ளம் மட்டும்தான் உறுத்துகிறது என்றால் புகைக் குழாய்களின் தொகுதியை, அதாவது ஹெடரை, மாற்றிக் கம்ப்யூட்டரை மறு ட்யூனிங் செய்தாலே அதன் ஆழம் பெருமளவு குறையும். செலவும் கிட்டை விடக் குறைவு. முதலில் அதைச் செய்து ஓட்டிப் பார்க்கலாம். அன்றாடம் சாலையில் ஓடும் காருக்கு நான் ரூட்ஸ் வகையைத்தான் சொல்வேன், மிதமான புல்லியோடு. எஞ்சினைப் பிரித்து வலுவான ராடும் குறைந்த கம்ப்ரெஷன் பிஸ்டனும் போட மனமும் பணமும் இருந்தால் டர்போவுக்கு ஈடில்லை. ரேஸ் டிராக்கில் மேல் சுற்றிலேயே ஓட்டுபவருக்கு மையவிலக்கு வகை பொருந்தும். அங்கே பள்ளத்துக்கு யார் இறங்குகிறார்கள்? ஆனால் எஞ்சின் ஆயில் டிராக்கில் விடாமல் கொதிக்கும். சூப்பர்சார்ஜர் வருவதற்கு முன்பே அந்தக் காருக்கு ஒரு நல்ல ஆயில் கூலர் வந்திருக்க வேண்டும்.