அடங்காக் குதிரை: வைத்திருப்பதா, கைமாற்றுவதா?

மனிதனுக்கு அல்லாஹ் வசப்படுத்திக் கொடுத்த உயிரினங்களுள் குதிரைக்குத் தனிச் சிறப்பு உண்டு. அந்நஹ்ல் அத்தியாயத்தின் 8ஆம் வசனம் குதிரை, கோவேறு கழுதை, கழுதை ஆகியவற்றைச் சவாரிக்கும் அழகுக்குமாகப் படைக்கப்பட்டவை என்று எடுத்துரைக்கிறது. குதிரைகளின் நெற்றிமுடியில் மறுமை நாள் வரை நன்மை பிணைக்கப்பட்டுள்ளது என்னும் கருத்தமைந்த நபிமொழி நாம் அனைவரும் அறிந்ததே. ஆயினும், வசப்படுத்தப்பட்ட இவ்வினத்திலேயே வசத்திற்கு வராத ஒன்று நம் லாயத்தில் வந்து நின்றால் என்ன செய்வது? சேணம் வைக்கும்போது கடிக்கிறது. ஏறினால் துள்ளித் தள்ளுகிறது. பாதி வழியில் சண்டித்தனம் செய்து நின்றுவிடுகிறது. இத்தகைய குதிரையை வைத்திருப்பதா, வேறு கைக்கு மாற்றுவதா?

சிலர் 'விற்றுத் தலைமுழுகு' என்பர். சிலர் 'அடித்துப் பணியவை' என்பர். இரக்கமுள்ள வேறு சிலர், 'வாயில்லா ஜீவனைக் கைவிடுவது பாவம். எப்படியும் வைத்துக்கொள்' என்பர். இம்மூன்றில் எதையும் நம் ஃபிக்ஹு நூல்கள் பொதுவிதியாகச் சொல்லவில்லை. வைத்திருப்பவன் மீதும் கைமாற்றுபவன் மீதும் அவை வெவ்வேறு கடமைகளைச் சுமத்துகின்றன. அக்கடமைகளுள் எவற்றை நம்மால் நிறைவேற்ற இயலும் என்று பார்ப்பதே முடிவெடுக்கும் வழி என்பது நமது கருத்து.

குறை யாருடையது?

பழைய அரபு மொழி 'முரட்டுக் குதிரை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடவில்லை. நடக்க மறுத்து நின்றுவிடுவது 'ஹரூன்'. கடிவாளத்திற்கு அடங்காமல் தலைதெறிக்க ஓடுவது 'ஜமூஹ்'. முதுகில் ஏறவே விடாதது 'ஷமூஸ்'. கடிப்பது 'அளூள்', உதைப்பது 'ரமூஹ்', மிரள்வது 'நஃபூர்'. குதிரையைப் பற்றித் தனி நூலே எழுதிய அபூஉபைதா, அல்அஸ்மஈ போன்ற மொழியறிஞர்கள் வாழ்ந்த சமுதாயம் அது. குறைகளுக்குத் தனித்தனிப் பெயர் இருந்தமை வெறும் சொல்வளம் அன்று. மிரளும் குதிரைக்குச் செய்ய வேண்டியதைக் கடிக்கும் குதிரைக்குச் செய்தால் பயன் கிட்டாது. எனவே, முடிவெடுக்க விரும்புபவர் முதலில் தம் குதிரை செய்வது என்ன, எப்போது செய்கிறது, யாரிடம் செய்கிறது என்பதைத் தெளிவாகக் காண வேண்டும்.

'யாரிடம்' என்னும் கேள்வி மிக முக்கியமானது. ஒருநாள் இரவு மதீனாவில் ஏதோ பேரோசை கேட்டு மக்கள் அஞ்சினர். நபி (ஸல்) அவர்கள் அபூதல்ஹா (ரலி) அவர்களுக்குச் சொந்தமான மன்தூப் என்னும் குதிரையில் ஏறி, எல்லாருக்கும் முன்பாகச் சென்று பார்த்துத் திரும்பினார்கள். அது மந்தமான நடையுடையது என்று பெயரெடுத்த குதிரை. அதனைக் கடல்போல் விரைந்தோடக் கண்டதாக நபியவர்கள் கூறினார்கள். அன்றைக்குப் பின் வேறு எக்குதிரையும் அதனை முந்தியதில்லை என்று ஸஹீஹுல் புகாரீயில் பதிவாகியுள்ளது. நபித்துவத்தின் பரக்கத் என்று நாம் நம்பும் இந்நிகழ்ச்சியில் ஒரு நடைமுறைப் பாடமும் உண்டு: ஒரு விலங்கின் பெயரும் அதன் இயல்பும் எப்போதும் ஒன்றல்ல.

ஸஹீஹ் முஸ்லிமில் மற்றொரு செய்தி உள்ளது. ஆயிஷா (ரலி) அவர்கள் முரண்டு செய்யும் ஓர் ஒட்டகத்தில் ஏறி, அதனை முன்னும் பின்னுமாக விரட்டியபோது, மென்மையைக் கைக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். அபூதாவூதில் இடம்பெறும் செய்தி இன்னும் அழுத்தமானது. அன்ஸாரி ஒருவரின் தோட்டத்தில் இருந்த ஒட்டகம் நபியவர்களைக் கண்டதும் கண்ணீர் வடித்தது. நபியவர்கள் அதனைத் தடவி அமைதிப்படுத்திவிட்டு, உரிமையாளரை அழைத்து, அவர் அதனைப் பட்டினி போடுவதாகவும் ஓயாமல் வேலை வாங்குவதாகவும் அது முறையிடுகிறது என்று கண்டித்தார்கள். விலங்கின் நடத்தைக்குப் பின்னால் ஒரு முறையீடு இருக்கலாம் என்பதை இதனைவிடத் தெளிவாக எப்படி உணர்த்துவது?

தமிழகக் கடற்கரையும் இதற்கு ஒரு சான்று தருகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய மன்னர்கள் அரபு, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து காயல் முதலிய துறைகள் வழியே ஏராளமான குதிரைகளை இறக்குமதி செய்தனர். ஒரு குதிரைக்கு 220 பொன் தீனார் விலை என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய உயர்சாதிக் குதிரைகள் இங்கு வந்த சிறிது காலத்திலேயே வலுவிழந்து மந்தமாயின என்றும், பொருந்தாத தீனியும் முறையற்ற சவாரியுமே காரணம் என்றும் அவர் குறிப்பிடுகிறார். பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமையால் பெரும்பாலானவை இறந்துபோயின என்று அக்காலத்திலேயே இப்பகுதிக்கு வந்த மார்க்கோ போலோவும் எழுதுகிறார். அயல்நாட்டார் இருவரின் கூற்றில் சற்று மிகை இருக்கலாம். ஆனால் இருவரும் ஒரே காரணத்தையே சுட்டுகின்றனர்.

இன்றைய கால்நடை மருத்துவமும் இதே திசையில்தான் செல்கிறது. பல்வலி, முதுகுவலி, பொருந்தாத சேணம், இரைப்பைப் புண், லாடத்தில் கோளாறு ஆகியவை குதிரையை முரடாக்கும் என்பது அறியப்பட்ட உண்மை. இங்கிலாந்தைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் சூ டைசனும் அவருடைய குழுவினரும், சவாரியின்போது குதிரை காட்டும் 24 நடத்தைகளை 2018இல் பட்டியலிட்டு வெளியிட்டனர். காதைப் பின்மடித்தல், வாயைத் திறத்தல், வாலைச் சுழற்றுதல் போன்றவை அவற்றுள் அடங்கும். எட்டு அல்லது அதற்கு மேற்பட்ட நடத்தைகள் சேர்ந்து தென்பட்டால், அக்குதிரைக்கு எலும்பிலோ தசையிலோ வலி இருக்க வாய்ப்பு மிகுதி என்பது அவர்கள் கண்ட முடிவு. 'திமிர்' என்று நாம் சவுக்கை எடுக்கும் இடத்தில் உண்மையில் வலி இருக்கக்கூடும். எனவே மருத்துவரிடம் காட்டாமல், சேணத்தையும் தீனியையும் சோதிக்காமல், குதிரையின் குணத்தைப் பற்றித் தீர்ப்பு வழங்குவது விசாரணையின்றித் தண்டிப்பதாகும்.

வைத்திருப்பவனின் கடமை

சோதித்த பின்னும் குதிரை அடங்கவில்லை. இப்போது இரண்டு வாயில்கள் உள்ளன. முதல் வாயில் வைத்திருப்பது.

ஹிஜ்ரி 676இல் (கி.பி. 1277) மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜுத் தாலிபீன், ஷாஃபிஈ மத்ஹபின் அடிப்படைச் சட்டநூல்களுள் ஒன்று. அதில் ஜீவனாம்சம் பற்றிய பகுதியின் இறுதியில் கால்நடைகளின் உரிமை பேசப்படுகிறது. விலங்குக்குத் தீனியும் தண்ணீரும் கொடுப்பது உரிமையாளன் மீது கடமை. அவன் மறுத்தால், உண்ணத் தக்க விலங்காயின் விற்பது, தீனி கொடுப்பது, அறுப்பது ஆகிய மூன்றில் ஒன்றைச் செய்யுமாறு அவன் கட்டாயப்படுத்தப்படுவான். உண்ணத் தகாததாயின் விற்பது அல்லது தீனி கொடுப்பது. ஹனஃபீ மத்ஹபில், நீதிமன்றம் அவனைக் கட்டாயப்படுத்தாது. அது அவனுக்கும் அல்லாஹ்வுக்கும் இடைப்பட்ட கடமை என்பது பிரபலமான கருத்து. இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களோ கட்டாயப்படுத்தலாம் என்கிறார்கள்.

விலங்கு பணிந்து நடந்தால்தான் தீனி என்று இந்தச் சட்டத்தில் எங்கும் நிபந்தனை இல்லை. சவாரிக்கு உதவாத குதிரைக்கும் உதவும் குதிரைக்கும் தொட்டியில் விழ வேண்டிய கொள்ளு ஒன்றே. பூனையைக் கட்டிவைத்து மடியவிட்ட பெண்ணைப் பற்றிய நபிமொழியை இங்கு நினைவு கூர்வது பொருந்தும். அவள் அதற்கு உணவளிக்கவும் இல்லை. தானே இரை தேடிக்கொள்ள அவிழ்த்துவிடவும் இல்லை. இரண்டு வாயில்களையும் அடைத்ததே அவள் செய்த குற்றம். பாசத்தின் பெயரால் விற்கவும் மனமின்றி, செலவின் பெயரால் பராமரிக்கவும் மனமின்றி லாயத்தின் மூலையில் குதிரையைக் கட்டிப்போடுபவர் இந்நபிமொழியை ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். வைத்திருப்பது மட்டுமே இரக்கமாகிவிடாது.

வைத்திருப்பவனுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. விலங்குடன் இருப்பவன், அது பிறரது உயிருக்கோ பொருளுக்கோ விளைவிக்கும் சேதத்திற்கு, இரவாயினும் பகலாயினும் ஈடு கொடுக்க வேண்டும் என்று மின்ஹாஜ் கூறுகிறது. உதைக்கும் குதிரை என்று தெரிந்தே அதனைக் குழந்தைகள் நடமாடும் தெருவில் கொண்டுசெல்பவன், 'வாயில்லா ஜீவன் செய்தது' என்று ஒதுங்கிக்கொள்ள முடியாது. ஆகவே, வைத்திருக்க நினைப்பவர் தம்மிடம் உள்ள இடம், பணம், நேரம், பயிற்சித் திறன், வீட்டாரின் பாதுகாப்பு ஆகியவற்றை நேர்மையாகக் கணக்கிட வேண்டும். இவை இருக்குமாயின், பொறுமையுடன் வைத்துப் பழக்குவது நற்செயல். இல்லையெனில் இரண்டாம் வாயிலை நாடுவது குற்றமன்று.

கைமாற்றுபவனின் கடமை

இரண்டாம் வாயிலில் நுழைபவருக்குத்தான் சோதனை அதிகம். குதிரையின் குறையைச் சொன்னால் விலை குறையும். சொல்லாவிட்டால் அமானிதம் கெடும்.

விற்ற பொருளைத் திருப்பிக் கொடுக்க உரிமை தரும் குறைகளை இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் பட்டியலிடும்போது, விலங்கின் அடங்காமையையும் கடிக்கும் பழக்கத்தையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார்கள். குறை தெரிந்தவுடன் தாமதியாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குள் அதனைப் பயன்படுத்தினால் உரிமை போய்விடும். ஆனால் ஓட்டிச் செல்லவும் பிடித்து நடத்தவும் கடினமான ஜமூஹ் விலங்கின்மீது ஏறிச் சென்று திருப்பிக் கொடுத்தால், அச்சவாரி உரிமையைப் போக்காது என்று ஒரு விலக்கும் தரப்பட்டுள்ளது. முரட்டுக் குதிரையை வாங்கி ஏமாந்தவன் படும் பாட்டை நன்கறிந்தவர்கள் வகுத்த சட்டம் இது.

'எந்தக் குறைக்கும் நான் பொறுப்பல்ல' என்று நிபந்தனையிட்டு விற்றால் என்ன? ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி, விலங்கில் மறைந்திருந்து, விற்பவனும் அறியாத குறைக்கு மட்டுமே அந்நிபந்தனை பயன்படும். அறிந்த குறைக்குப் பயன்படாது. ஹனஃபீ மத்ஹபில் அந்நிபந்தனையின் எல்லை விரிவானது. ஆயினும், அறிந்த குறையை மறைத்து ஏமாற்றுவது பாவம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) அவர்களின் செய்கை இங்கு நமக்கு வழிகாட்டுகிறது. ஒருவர் பெண் ஒட்டகம் ஒன்றை வாங்கிச் செல்வதைக் கண்ட அவர்கள், விரைந்து பின்தொடர்ந்து, அதனை இறைச்சிக்காக வாங்கினீரா, பயணத்திற்காகவா என்று கேட்டார்கள். ஹஜ் பயணத்திற்காக என்று அவர் கூறியதும், அதன் குளம்பில் உள்ள கோளாற்றைத் தெரிவித்தார்கள். வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்று விற்றவர் வருந்தியபோது, குறையை விளக்காமல் விற்பதும், அறிந்தவர் அதனைச் சொல்லாமல் இருப்பதும் ஆகாது என்ற நபிமொழியை எடுத்துரைத்தார்கள். அவர்கள் கேட்ட கேள்வியைக் கவனிக்க வேண்டும்: எதற்காக வாங்குகிறீர்? பந்தயத்திலிருந்து ஒதுக்கப்பட்ட, வேகத்தில் தறிகெட்டு ஓடும் குதிரை, பழுத்த பயிற்சியாளரிடம் பொருந்திப் போகலாம். சிறுவர் சவாரிக்கு அதே குதிரை ஆபத்து. ஆகவே, வாங்குபவரின் நோக்கத்தைக் கேட்டறிவதும் விற்பவரின் நேர்மையில் அடங்கும்.

சோதனைக்காகச் சில நாள் கொடுத்துப் பார்ப்பதும் நல்ல வழியே. உமர் (ரலி) அவர்கள் விலைபேசிய குதிரையைச் சோதித்துப் பார்த்தபோது அது ஊனமுற்றது. வழக்கை விசாரித்த ஷுரைஹ் (ரஹ்) அவர்கள், விலைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும், அல்லது பெற்றபடியே திருப்பித் தர வேண்டும் என்று கலீஃபாவுக்கு எதிராகவே தீர்ப்பளித்தார்கள். அந்த நேர்மையைக் கண்டு உமர் (ரலி) அவர்கள் அவரையே கூஃபாவின் காழியாக நியமித்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். சோதனைக் காலத்தில் பொறுப்பு யாருடையது என்பதை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ள வேண்டும் என்பது இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

திரும்பப் பெற முடியாதது

விற்காமல் இலவசமாகவே கொடுத்துவிட்டால் பொறுப்புத் தீருமா? உமர் (ரலி) அவர்களின் மற்றொரு குதிரை இதற்கு விடை தருகிறது. அவர்கள் இறைவழியில் ஒரு குதிரையைத் தருமமாக ஒருவருக்கு வழங்கினார்கள். பெற்றவர் அதனைச் சரிவரப் பராமரிக்கவில்லை. மனம் பொறாத உமர் (ரலி) அவர்கள், மலிவாகக் கிடைக்கும் என்றெண்ணி அதனைத் திரும்ப வாங்க விரும்பினார்கள். ஒரு திர்ஹத்திற்குத் தந்தாலும் வாங்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்துவிட்டார்கள். தருமத்தைத் திரும்பப் பெறும் வாசலை மூடுவதே இந்நபிமொழியின் சட்டக் கருத்து. அத்துடன் ஓர் எச்சரிக்கையையும் நாம் இதில் காண்கிறோம். நல்ல நோக்கத்துடன் கொடுத்ததும் பொருந்தாத கையில் சேரலாம். சேர்ந்தபின் மீட்க வழியில்லாமற் போகலாம். எனவே விசாரணை முழுவதும் கொடுப்பதற்கு முன்னரே நடந்து முடிய வேண்டும். பெறுபவரின் லாயத்தைச் சென்று பாருங்கள். அவரிடம் இப்போதுள்ள விலங்குகளின் உடல்நிலையைப் பாருங்கள். குதிரை என்ன செய்யும், எப்போது செய்யும் என்பதை எழுதியே கொடுங்கள்.

முரட்டுக் குதிரை என்று பெயரெடுத்த விலங்கு ஒவ்வொரு கை மாறும்போதும் மலிவாகிறது. மலிவாகும்தோறும் அதனைப் பேணுபவரின் அக்கறையும் குறைகிறது. இச்சரிவை நிறுத்தக்கூடியவர் உண்மையைச் சொல்லும் ஒரே ஓர் உரிமையாளர்தாம். வைத்திருப்பதற்குரிய கடமையை நிறைவேற்ற இயலுமானால் வைத்திருங்கள். இயலாதெனில், உண்மையைச் சொல்லித் தகுந்த கையில் ஒப்படையுங்கள். இரண்டும் நன்மையே. வண்டிக் காளைக்கும் காவல் நாய்க்கும் கூட இதே அளவுகோலைக் கொள்ளலாம். நம் பொறுப்பில் விடப்பட்ட உயிரைப் பற்றி நாம் வினவப்படுவோம் என்னும் நினைவோடு முடிவெடுக்க அல்லாஹ் நமக்கு நல்லுதவி புரிவானாக.