காரின் கம்ப்யூட்டரோடு பேசுவோமா?

தேவதானத்தில் இருந்து ராஜபாளையம் போய் உங்கள் ஹைபிரிட் காருக்கு பெட்ரோல் நிரப்புகிறீர்கள். உடனே இன்ஜின் ஸ்டார்ட் ஆகத் தடுமாறுகிறது. டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட விளக்கும் எரிகிறது. என்ன செய்வது? காருக்குள்ளும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதையே கேட்போம்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும். அதில் ஈஎல்எம்327 அடாப்டரைச் செருகி, புளூடூத் மூலம் லேப்டாப்புடன் இணையுங்கள். ஸ்கேன் மென்பொருளில் பி0496 என்று தோன்றினால், பர்ஜ் வால்வு திறந்தபடியே சிக்கியிருக்கலாம். டாங்கில் எழும் பெட்ரோல் ஆவியை ஒரு கரி டப்பா பிடித்து வைக்கிறது. இன்ஜின் ஓடும்போது தேவைக்கேற்பத் திறந்து, அந்த ஆவியை இன்ஜினுக்கு அனுப்புவதே இந்த வால்வின் வேலை.

குறியீட்டை மட்டும் நம்பி புது வால்வு வாங்கிவிடாதீர்கள். காரை முழுவதும் ஆஃப் செய்யுங்கள்; ரெடி நிலையில் விட்டால் இன்ஜின் தானாகவே ஓடத் தொடங்கலாம். இன்ஜின் ஆறியதும், கரி டப்பாவில் இருந்து வரும் ஹோஸைக் கழற்றி, வால்வின் முனையில் கைப்பம்பால் மெல்லக் காற்று செலுத்துங்கள். மின்சாரம் இல்லாதபோது வால்வு மூடியிருக்க வேண்டும். காற்று புகுந்து போனால் பழுது அங்கேதான். புகாவிட்டால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

அருகில் நெருப்பு வேண்டாம். ஆரஞ்சு நிற கேபிள்களைத் தொடவே கூடாது. குறியீட்டை எழுதி வைத்த பிறகே கிளியர் பட்டனைக் கிளிக் செய்யுங்கள்.