இரண்டரை கிலோ மீட்டர் ரயில்!

ரயில்வே கேட்டில் நின்று சரக்கு ரயிலின் பெட்டிகளை எண்ணியிருக்கிறீர்களா? 200 பெட்டிகளுக்கு மேல் கோத்த ரயில் ஒன்று இருக்கிறது. நீளம் சுமார் இரண்டரை கிலோ மீட்டர். எஞ்சினிலிருந்து கடைசிப் பெட்டி வரை நடக்க அரை மணி நேரமாகும்!

அது ஓடும் நாடு மவுரித்தானியா. ஆப்பிரிக்காவின் வடமேற்கில், அட்லாண்டிக் பெருங்கடலோரம் உள்ளது. நாட்டின் பெரும்பகுதி சகாரா பாலைவனம். உள்நாட்டில் சுவேராத் என்ற ஊரருகே இரும்புத் தாது நிறையக் கிடைக்கிறது. ஆனால், கப்பலில் ஏற்றினால்தானே விற்க முடியும்? அதற்காக, நுவாதிபூ துறைமுகம் வரை சுமார் 700 கிலோ மீட்டருக்கு ரயில் பாதை போட்டனர். 1963ம் ஆண்டு முதல் ரயில் ஓடுகிறது. ஒரு பெட்டியில் சுமார் 84 டன் தாது ஏற்றலாம். 200 பெட்டிகளில் எவ்வளவு? பெருக்கிப் பாருங்கள்!

மணலோடு போராட்டம்

பாலைவனத்தில் மணல்மேடுகள் ஒரே இடத்தில் நிற்பதில்லை. காற்று மணலைத் தள்ளத் தள்ள, மேடும் மெல்ல நகரும். தண்டவாளம் குறுக்கே வந்தால் அதையும் மூடிவிடும். சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே சிக்கும் மணல், உப்புத்தாள் போல இரும்பைத் தேய்க்கும். அதனால் தொழிலாளர்கள் கொளுத்தும் வெயிலில் மணலை அள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். இன்று அள்ளிய இடத்தில் நாளையும் மணல் வந்து சேரும்!

ரயிலில் வரும் தண்ணீர்

இவ்வளவு பாடுபடுவது தாதுவுக்காக மட்டும்தானா? இல்லை. பாதையோரச் சிற்றூர்களுக்கு இந்த ரயில்தான் உணவுப் பொருள் கொண்டு வருகிறது; தண்ணீரும் கொண்டு வருகிறது. ரயில் நின்றுபோனால் துறைமுகத்தில் கப்பல் காத்திருக்கும். ஆனால், தாகம் காத்திருக்குமா?

கடற்கரையே சாலை

இந்த ரயில் தலைநகர் நுவாக்சோட்டுக்குப் போவதில்லை. நுவாதிபூவிலிருந்து அங்கே செல்ல முன்பு தார்ச்சாலையும் கிடையாது. வழியில் கடற்கரை மணலிலேயே வண்டிகளை நெடுந்தூரம் ஓட்டிச் சென்றனர்! கடல் வற்றும் நேரத்தில் ஈரமணல் இறுகியிருக்கும், சக்கரம் புதையாது. நீர் ஏறுவதற்குள் கடந்துவிட வேண்டும். இல்லையென்றால் வண்டி கடலுக்குத்தான். 2005ம் ஆண்டு வாக்கில்தான் இரு நகரங்களையும் இணைக்கும் தார்ச்சாலை முழுமையானது. அந்தச் சாலை மீதும் மணல் வந்து படியும். அதையும் அள்ள வேண்டும்.

பாதை போடுவது ஒருமுறை வேலை. அதைக் காப்பது அன்றாட வேலை. அடுத்த முறை ரயிலிலோ பஸ்சிலோ போகும்போது, வெயிலில் பாதையைச் சீர்செய்பவர்களைக் கண்டால் கையசைத்துவிட்டுப் போங்கள்.

இப்போது அட்லசை எடுத்து நுவாதிபூ எங்கே என்று தேடுங்கள், பார்க்கலாம்!